ரத்தினசாமிக்குத் தெரிந்த வைத்தியம்

புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். சொன்னால் ஆயுசு குறைந்துவிடுமாம். ரத்தினசாமி. சொல்லிவிட்டேன். குறைய இருந்தது யார் ஆயுசு என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரத்தில் மாடு என்றால் ரத்தினசாமிதான். வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் இவரைக் கையோடு கூட்டிப் போவார்கள். இவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், பல்லைப் பிளந்து பார்த்து, மடியைத் தடவி, வாலைத் தூக்கி, ஏதோ நீதிபதி தீர்ப்புச் சொல்வதைப் போல ஒரு வார்த்தை சொல்வார். மிருகாசுபத்திரி டாக்டரே தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுகிறார் என்று சொல்லிக்கொள்வார். அந்த டாக்டர் ஒருநாளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று, பொய் சொல்லக் கூடாது, மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். எங்கள் கட்டுத்தறியில் நிற்கிற ஒவ்வொரு மாடும் எப்போது பருவத்துக்கு வந்தது, எப்போது சினை ஊசி போட்டது, எப்போது கன்று போடும், போன ஈத்தில் நஞ்சுக்கொடி விழ எவ்வளவு நேரம் பிடித்தது, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். பெண்டாட்டி சங்கதி ஒன்றுகூட அந்த நாக்கில் நிற்காது. கறப்பதும், சாணி அள்ளுவதும், தவிடு கலக்குவதும் நான். அறிவாளிகள் குத்த வைத்துக் கறக்க மாட்டார்கள்.

எனக்குத் தூரம் நின்று நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றபோது அப்பாடா என்றுதான் இருந்தது. இந்தப் பங்குனியில் ஒருநாள் விடியக்காலை செவலை மாட்டைக் கறந்துவிட்டு எழுந்தால் பாவாடை ஈரமாக இருந்தது. பால் சிந்திவிட்டது என்று நினைத்தேன். வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால் ரத்தம்.

மகன் நவீன்குமார் கோயமுத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது. மருமகள் யோகப்பிரியா இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவளிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. வேறு போக்கில்லாமல் ரத்தினசாமியிடம் சொன்னேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன நெறம்?" என்றார்.

"செகப்புத்தானுங்க."

"கட்டி கட்டியாவா, தண்ணியாட்டவா?"

"தண்ணியாட்டத்தானுங்க."

"அப்பறம் என்ன. பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மறுநாளு ரெத்தம் காட்டுமில்ல, அதுதான் இது. நம்ம செவலைக்குக் காட்டாததா? அதுக்கெல்லாம் ஒரு வைத்தியமும் வேண்டாம்."

"எனக்குத்தான் நின்னு போச்சுங்களே."

"நின்னது திரும்புது புள்ள. ஒடம்புல இன்னும் தெம்பிருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, எச்சில் கையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

என் உடம்பில் ரத்தம் வந்தால் இவர் மீசைக்கு என்ன வந்தது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பெண்டாட்டிக்கு இளமை திரும்புகிறது, அதுவும் தன்னால் திரும்புகிறது என்று அந்த மனுஷன் பெருமைப்பட்டிருக்கிறார். முகரையைப் பாருங்கள்.

மாட்டுக்கு அவர் சொன்னது உண்மைதான். பருவம் முடிந்து ஒருநாள் ரெண்டுநாளில் மாட்டுக்குக் கொஞ்சம் ரத்தம் ஒழுகும், தானாக நிற்கும். பால்மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் மாடு இல்லை என்பதுதான் இவருக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டாரா? மறுநாள் சோற்றுக்கற்றாழையையும் பிரண்டையையும் நறுக்கி, வெல்லமும் உப்பும் வைத்துப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டு வந்தார். சினை பிடிக்காத மாட்டுக்கு இவர் கொடுக்கிற உருண்டை. கர்ப்பப்பையைக் கழுவிவிட்டது மாதிரி சுத்தமாக்குமாம். பிரண்டை நாக்கை அரிக்க அரிக்கத் தின்றேன். மாட்டுக்குத் தாடையைப் பிடித்து உள்ளே தள்ளுவார், எனக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரத்தம் நின்றது. "பாத்தியா" என்றார். சித்திரையில் மறுபடி வந்தது. அப்போது உருண்டை கொஞ்சம் பெரிதானது. வைகாசியில் அடிக்கொரு தரம் வரத் தொடங்கியது. அடிவயிற்றில் ஒரு இழுப்பு. பால் கேனைத் தூக்கினால் கண் இருட்டியது.

பால் சொசைட்டியில் காலையில் வரிசையில் நிற்கும்போது, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு நின்னு போனது திரும்ப வருதாம்" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் என் இடுப்பைத்தான் பார்த்தார்கள். தெரிஞ்ச ஒருத்தி யார் என்று தெரியாத அளவுக்கு யாரும் மடையர்கள் இல்லை. மற்ற விஷயத்தில்தான் மடையர்கள்.

"சூடுங்கக்கா. வெந்தயத்தை ஊற வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

"கோயில் பக்கம் தீட்டோட போயிருப்பா."

"இந்த வயசுலயும் வருதுன்னா குடுத்து வெச்சவதான்" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பால் அளக்கிற வனிதா மட்டும் கொஞ்சம் விவரமானவள் என்று பெயர். அவள் குரலைத் தாழ்த்தி, "என்ன ஆனாலும் கர்ப்பப்பைய மட்டும் எடுக்க உட்றாதீங்கக்கா. எடுத்தா ஒடம்பு ஊதிரும், கண்ணுப் பார்வை மங்கிரும், அப்பறம் ஊட்டுக்காரரு வேற பக்கம் பாக்க ஆரம்பிச்சுருவாரு" என்றாள்.

ரத்தினசாமி வேற பக்கம் பார்க்கிறாராம். அவர் முப்பது வருஷமாகப் பார்ப்பது மாட்டின் பின்பக்கம் ஒன்றைத்தான். அதில் எனக்கு ஒரு போட்டியும் இல்லை. இவ்வளவு பேசியவர்களில் ஒருத்தியாவது, "அவ டாக்டர்கிட்டக் காட்டுனாளா?" என்று கேட்டாளா? மாட்டுக்குக் கொம்பில் கீறல் என்றாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேட்டது யோகப்பிரியாதான். கொடியில் சேலைக்குப் பின்னால் நான் ஒளித்துக் காயப்போட்டிருந்த துணியைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கத்தை, உங்களுக்கு நின்னு போச்சுன்னீங்களே?"

"திரும்பிருச்சாம். உங்க மாமா சொல்றாரு."

"மாமாவுக்கு என்னங்க தெரியும்? நின்னு ஒரு வருஷம் ஆயிட்டுதுன்னா, அப்பறம் ஒரு சொட்டு வந்தாலும் டாக்டர்கிட்டக் காட்டோணும். சின்னக் காரணமாவும் இருக்கும், பெருசாவும் இருக்கும். பாத்தாத்தானுங்க தெரியும். எங்க பொள்ளாச்சிச் சித்தி காட்டாமயே உட்டுட்டாங்க."

அந்தச் சித்தியை எனக்குத் தெரியும். யோகப்பிரியா கல்யாணத்தில் மாலை போட்ட போட்டோவாக மணவறைக்குப் பக்கத்தில் இருந்தார்.

சாப்பிடும்போது யோகப்பிரியாவே மாமனாரிடம் பேச்சை எடுத்தாள். நல்ல தைரியம்தான். ரத்தினசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "செவலை நெறமாசமா நிக்குது. அது கன்னு போடட்டும், அப்பறம் பாக்கலாம். ஆசுபத்திரிக்குப் போனா அறுத்துத்தான் அனுப்புவானுக. அறுக்கறதுதானே அவிய பொழப்பு" என்றார். அவள் நவீனுக்குப் போன் போட்டாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பாகிட்டக் கேட்டுக்க" என்றான். பெற்றது நான், வந்திருப்பது அப்படியே அவர்.

அடுத்த நாள் சாயங்காலம் பழனிச்சாமி வந்தான். வேலந்தாவளம் ரோட்டில் தோட்டம் வைத்திருப்பவன், ரத்தினசாமிக்கு மருமகன் முறை. திண்டாட்டமான முகத்தோடு வந்து நின்றான். ரத்தினசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் அவருக்கு மோர் கொண்டுவந்தேன்.

"மாமா, நம்ம மயிலை மாட்டுக்கு ரெண்டு நாளா பொறத்தால ரெத்தம் ஒழுகுதுங்க."

"சினையா?"

"இல்லீங்க மாமா. கெழட்டு மாடு. பால் வத்தி, பருவத்துக்கே வந்து ரெண்டு மூணு வருஷமாச்சு. பருவம் திரும்பிருச்சோ என்னமோன்னு நெனச்சேன்."

ரத்தினசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு மூளை இருக்குதாடா? பருவமே நின்னு போன மாட்டுக்கு ரெத்தம் வந்தா அது எப்படிடா பருவமாகும்? உள்ள கட்டி இருக்கும். காலைல மொத வேலையா மிருகாசுபத்திரி டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டு. அப்பறம் பாக்கலாம்னு தள்ளுனயின்னா மாடு போயிரும், பாத்துக்க."

நான் மோர் டம்ளரை நீட்டியபடியே நின்றேன். அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"உப்புப் பத்தல" என்றார்.

தெரியாத ஆளாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். ஊரில் தெரியாத ஆம்பிளைகள் எத்தனையோ பேர். இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அட்சரம் பிசகாமல் தெரிந்திருக்கிறது. கிழட்டு மாட்டுக்குச் சொல்லத் தெரிந்ததை, கிழவிக்குச் சொல்லத் தோன்றவில்லை. இத்தனை நாளும் இவரைப் பெரிய மனுஷன் என்று நினைத்து, இவர் கொடுத்த உருண்டையைத் தின்றேனே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய் யோகப்பிரியாவிடம், "காலைல கறந்து வெச்சுட்டுப் போலாம், கெளம்பிரு" என்றேன்.

பாலக்காட்டில் ஒரு ஆசுபத்திரி. ரத்தினசாமியும் கூட வந்தார். பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பொம்பிளைகள் தனியாக ஆசுபத்திரி வாசல் ஏறினால் ஊர் என்ன பேசுமோ என்று வந்தார். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். யோகப்பிரியா எழுந்தாள். இவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

டாக்டர் மலையாளத்துப் பெண். நடுவயசு, நிதானமான முகம். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"வயசு எத்தனை?"

"அம்பது, அம்பத்தொண்ணு இருக்குமுங்க" என்றார் ரத்தினசாமி. எனக்கு ஐம்பத்தேழு.

"பிரசவம் எத்தனை?"

"ஒண்ணுங்க. பையன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். நவீனுக்கு முன்னால் ஒன்று மூணாம் மாசத்தில் கலைந்தது. அதை விடுங்கள், ஆம்பிளைகள் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதற்கு அடுத்தது பெண். நிறைமாசம். பிறந்தது, அழவில்லை. தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டியது இதே ரத்தினசாமிதான். செவலையின் போன ஈத்துக் கன்று செத்துத்தான் விழுந்தது. அதை இவர் ஈத்தில் சேர்த்துத்தான் சொல்லுவார், மறந்ததே இல்லை. என் பெண்ணை விட்டுவிட்டார். அந்த நாற்காலியோடு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

"மாதவிலக்கு எப்ப நின்னது?"

ரத்தினசாமி வாயைத் திறந்தார். மூடினார். என் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, எப்ப?" என்றார்.

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "சேட்டன் கொஞ்சம் வெளியில இரிக்கணும். அம்மா பறயட்டும்" என்றார். சந்தையில் அத்தனை பேருக்குத் தீர்ப்புச் சொல்கிற மனுஷன், வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

நான் எல்லாம் சொன்னேன். எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது, எத்தனை தடவை வயிறு நிறைந்தது, எத்தனை மிஞ்சியது. கற்றாழை உருண்டையையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "திரும்ப வந்தா நல்லதான்னு எல்லாரும் கேக்கிறதுதான் அம்மா. நின்ன பிறகு வந்தா ஒருக்காலும் சும்மா விடக்கூடாது" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிவு வந்ததும் மறுபடி போனோம். இந்தத் தடவை யோகப்பிரியாவும் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கர்ப்பப்பையின் உள்தோலில் புற்று. ஸ்கேனில் பார்த்தவரை வெளியே பரவியது மாதிரி இல்லை. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மேலே வைத்தியம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார். தள்ளிப்போடக் கூடாது.

"என்ன கேக்கணும்னாலும் கேளுங்க" என்றார் டாக்டர்.

ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். "ஆப்பரேசன் முடிஞ்சா எத்தன நாள்ல குத்த வெச்சுக் கறக்கலாமுங்க?" என்றார்.

சுவரோரம் நின்ற யோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள், அவமானத்தில். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கட்டுத்தறியில் சாணியில் கால் வைத்துவிட்டால் சீ என்று கழுவப் போவோமே, அப்படித்தான் இருந்தது.

"அவருக்குப் பதில் சொல்லாதீங்க டாக்டர். நான் கேக்கறேன்" என்றேன். "நான் பொழச்சுக்குவனுங்களா?"

"இப்ப எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கு அம்மா. நாள் கடத்தினா என்னால் சொல்ல முடியாது."

"அப்ப இன்னைக்கே படுத்துக்கறேன்."

ரத்தினசாமி எழுந்துவிட்டார். "செவலை இந்த வாரம் கன்னு போட்டுரும். அது போட்டு, சீம்பாலெல்லாம் கறந்து முடிச்சு, ஒரு மாசம் கழிச்சு வர்றமுங்க. ஊட்டுக்குப் போயி பேசிட்டு..."

"நீங்க போயிப் பேசுங்க. நான் வரலீங்க."

"அப்ப யாரு கறக்கறது?"

"மாட்டப்பத்தி உங்களுக்குத் தெரியாததா? காம்பு எங்க இருக்குதுன்னும் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

வார்டில் நர்ஸ் பழக்கதோஷத்தில் சம்மதக் கையெழுத்துக்கு அவரிடம் பேனாவை நீட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். பின்னால் வந்த டாக்டர், "அம்மாவோட உடம்பு, அம்மா கையொப்பு இட்டா மதி, வேற யாரும் வேண்டாம்" என்று பேனாவை வாங்கி என் கையில் கொடுத்தார். பூவாத்தாள் என்று என் பெயரை முழுசாக எழுதினேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. "நீ இல்லாம செவலை பால் எறக்காது புள்ள" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதுவும் மாட்டின் பேரில்தான் வந்தது. "போங்க, பஸ் போயிரும்" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிஜமாகவே போய்விட்டார்.

ஆப்பரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். யோகப்பிரியா என் வளையல்களைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் பச்சை உடுப்பில் வந்து குனிந்து, "பயமா இருக்கா அம்மா?" என்று கேட்டார்.

பங்குனியிலிருந்து என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"இருக்குதுங்க. ரொம்ப இருக்குது" என்றேன். "ஆனா நான் பொழைக்கோணுமுங்க டாக்டர். நான் செத்துப் போயிட்டா, என்ன நோவுன்னு தனக்கு அன்னைக்கே தெரியுமுன்னு அந்தாளு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு. சொல்ல உட்றக்கூடாதுங்க."

டாக்டர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "விட வேண்டாம்" என்றார்.